ஆளில்லாத படங்கள்

சித்தப்பாவுக்கு மறை கழன்றுவிட்டது என்பதுதான் கடைத்தெருவின் முடிவு. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம் அது. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு, எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டுவார்களோ என்று பயந்து கிடந்தது. அந்த நேரத்தில் ஒரு மனிதர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சாக்கடை ஓரத்தையும் சுவர் மூலையையும் படம் எடுத்துத் திரிந்தால் வேறென்ன சொல்வார்கள்? இன்றைக்கு என் பேரப்பிள்ளைகள் தட்டில் இருக்கும் தோசையைக்கூடப் படம் எடுக்கிறார்கள், யாரும் எதுவும் சொல்வதில்லை. சித்தப்பா கொஞ்சம் முந்திப் பிறந்துவிட்டார்.

எனக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்கள் எல்லோருமே கொஞ்சம் கழன்றவர்கள்தான் என்று நான் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தேன். மற்றவர்கள் அதை மறைத்துக்கொள்கிறார்கள், சித்தப்பாவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அவர் என் அப்பாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். பினாங்கில் கடைத்தெருவை ஒட்டி ஒரு துணிக்கடையின் மாடியில் நாங்கள் நான்கு பேர் குடியிருந்தோம். அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தார், சித்தப்பா படக்கடையில். சண்டைக்கு முன்னால் அந்தப் படக்கடையின் முதலாளி ஒரு ஜப்பான்காரர். யார் வந்தாலும் இடுப்பு வளையக் குனிந்து வணக்கம் சொல்வார், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். பட்டாளம் வந்து இறங்கிய பிறகு அதே மனிதர் இடுப்பில் வாளோடு வந்து நின்றாராம். அந்தப் பழைய பழக்கத்தில் சித்தப்பாவுக்கு வேலை போகவில்லை. ஊர்க்காரர்களின் அடையாளச் சீட்டுக்குப் படம் எடுக்கச் சொல்லி, கையில் கட்டிக்கொள்ள ஜப்பான் எழுத்துப் போட்ட ஒரு துணிப்பட்டையும் கொடுத்தார்கள். அந்தப் பட்டை கையில் இருக்கும்வரை யாரும் அவரிடமிருந்து கேமராவைப் பிடுங்க மாட்டார்கள்.

படம் எடுக்கும் கண்ணாடித் தகடுகளை மட்டும் அளந்துதான் கொடுத்தார்கள். தலைக்கு ஒன்று. சித்தப்பா அதில் ஒரு தந்திரம் செய்தார். முன்பின் தெரியாத இரண்டு பேரைத் தோளோடு தோள் ஒட்டி உட்காரவைத்து, ஒரே தகட்டில் எடுத்து, காகிதத்தில் போட்ட பிறகு நடுவில் கத்தரித்துவிடுவார். மீன் விற்கும் சீனக் கிழவரும் கோயில் பண்டாரமும் அப்படி ஒட்டி உட்கார்ந்து விறைத்துப் போயிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இப்படி அவ்வப்போது ஒரு தகடு மிச்சமாகும். அந்தத் தகட்டில்தான் சாக்கடையும் சுவர் மூலையும் ஏறின.

அது தொடங்கியது பால்காரர் மனைவியால். எங்கள் ஆட்களில் பலர் அப்போது உயிரோடு இருக்கும்போது படம் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். ஆயுசு குறைந்துவிடும் என்று பயம். ஆள் போன பிறகுதான் படக்கடைக்குச் சொல்லி அனுப்புவார்கள். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, திருநீறு பூசி, மாலை போட்டு ஒரு படம் எடுப்பார்கள். அதுதான் சுவரில் ஏறும். திதி அன்று அதற்குத்தான் சந்தனப் பொட்டு வைத்து விளக்கு ஏற்றுவார்கள். ஜப்பான் விமானங்கள் முதலில் வந்தபோது பினாங்கு ஜனங்கள் ஓடி ஒளியத் தெரியாமல் தெருவுக்கு வந்து அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். பால்காரரும் பால் பாத்திரத்தோடு நின்று பார்த்தார். குண்டு விழுந்த பிறகு யார் எவர் என்று பிரிக்காமல் எல்லோரையும் வண்டியில் அள்ளிக்கொண்டுபோய் ஒரே குழியில் போட்டுவிட்டார்கள். அவர் மனைவிக்கு ஒரு படம் இல்லை, எலும்பு இல்லை, சாம்பலும் இல்லை.

படக்கடைக்கு வந்து அந்த அம்மா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம்.

"தம்பி, அவரு விழுந்த எடத்தையாச்சும் எடுத்துக் குடு லா. வெறும் சொவத்துக்கு முன்னால நான் எப்படி விளக்கு வைக்கிறது?"

சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். பிறகு ஒருவர் சொல்லி ஒருவராக வந்தார்கள். விசாரணைக்கு இழுத்துக்கொண்டு போய்த் திரும்பாத மகனுக்காக ஒரு வீட்டின் முன்வாசல். படகோடு காணாமல் போன அண்ணனுக்காக ஒரு படகுத்துறைக் கம்பம். மூங்கில் வெட்டப் போன இடத்தில் சுடப்பட்ட தகப்பனுக்காக, காட்டோரத்தில் ஒரு புதர். எல்லாம் யாரும் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத இடங்கள்.

இந்த விவரம் எதுவும் எனக்குத் தெரியாது. அம்மாவோடு பால்காரர் வீட்டுக்குப் போனபோது சுவரில் ஒரு சாக்கடையின் படம் மாட்டியிருந்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டம், சட்டத்துக்குச் செவ்வந்தி மாலை, மேலே சந்தனம். சாக்கடைக்கு மாலை போட்டிருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் சிரிப்பு அழுகையாக மாறியது. அதைத்தான் அந்த வீட்டு அம்மா பார்த்தார். "புள்ளைக்குக்கூட மனசு தாங்கல பாரு," என்று என்னை மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

சித்தப்பா படம் எடுக்கப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். தலைவாரிப் பூவைத்து, திரைச்சீலைத் துணியில் தைத்த என் ஒரே நல்ல பாவாடையைக் கட்டிவிடுவாள் அம்மா. மூலைக்கு மூலை ஜப்பான் காவல் நின்ற காலம். தனி ஆள் ஒருவன் வெறும் தெருவைப் படம் எடுத்தால் உளவாளி என்று பிடிப்பார்கள். அண்ணன் மகளைப் படம் எடுத்தால் பேசாமல் விட்டுவிடுவார்கள். அதனால் நான் எதிரே நிற்பேன். சித்தப்பா என்னை இப்படி நில், அப்படித் திரும்பு என்று வெகுநேரம் பார்ப்பார். கடைசி நொடியில், உதடு அசையாமல், "தள்ளிக்கோ கண்ணு," என்பார். நான் சட்டென்று ஒரு பக்கம் விலகுவேன். கேமரா கிளிக் என்னும்.

இது எனக்குப் பெரிய மனக்குறை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்குச் சண்டைக்கு முன்பே எடுத்த படம் ஒன்று இருந்தது, அதை வாரத்துக்கு ஒரு தரம் கொண்டுவந்து காட்டுவாள். எங்கள் வீட்டிலேயே படக்காரர் இருந்தும் எனக்கு ஒன்றுகூட இல்லை. என்னை நிறுத்தி, அழகு பார்த்து, விலகச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் இருக்கும் குப்பையை எடுக்கிறாரே என்று ஆத்திரமாக வரும். ஒருநாள் கேட்டும் விட்டேன்.

"என்னைவிட அந்தச் சாக்கடை நல்லா இருக்கா சித்தப்பா?"

"உன்னை நான் நாளைக்கும் பார்ப்பேன் பாப்பா," என்றார். அது ஒரு பதிலா என்று எனக்குக் கோபம் கூடியது.

அந்த நாட்களில் அப்பா வீட்டில் இல்லை. ஒரு காலையில் கிடங்குக்குப் போனவர் திரும்பவில்லை. அன்றைக்குத் தெருவில் அகப்பட்ட ஆண்களை எல்லாம் லாரியில் ஏற்றிப்போனார்கள். சயாமில் ரயில் பாதை போடப் போயிருக்கிறார் என்று எனக்குச் சொன்னார்கள். வீட்டில் இருந்தவர்களும் முதலில் அப்படித்தான் நம்பினார்கள். சயாம் எவ்வளவு தூரம் என்று நான் கேட்பேன். போய்வர வெகுநாள் ஆகும் என்பாள் அம்மா.

பிறகு நடந்ததை நான் தெரிந்துகொண்டது ஜப்பான்காரன் போனதற்குப் பிறகுதான். உங்களிடம் மறைத்து வைக்க எனக்கு விருப்பமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆள் ஒருவர், காலெல்லாம் புண்ணோடு, அடையாளச் சீட்டுக்குப் படம் எடுக்க வந்தார். சித்தப்பா அவரை இன்னொருவரோடு ஒட்டி உட்காரவைத்துவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைக்கப் போனபோது அவர், "அண்ணே, உங்க மூஞ்சி மாதிரியே ஒருத்தரு எங்ககூட மண்ணு வெட்டினாரு," என்றார். அப்பா சயாமுக்குப் போகவே இல்லை. பினாங்கிலேயே, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் பின்னால் காட்டுக்குள் ஜப்பான்காரன் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தான். அப்பா இத்தனை நாளும் அங்கேதான் இருந்திருக்கிறார். எங்கள் வீட்டு மாடியில் நின்றால் அந்த மலை தெரியும். காய்ச்சலில் போய்விட்டார். புதைத்தது அந்தத் தோட்டத்து ஆள்தான். இரண்டாகப் பிளந்த ஒரு பாறைக்கும் காட்டு மாமரம் ஒன்றுக்கும் நடுவில். மறந்துபோகாமல் இருக்கத் தன் கைலியில் ஒரு துண்டைக் கிழித்து மரத்தில் கட்டியிருக்கிறார்.

சித்தப்பா வந்து சொன்னபோது அம்மா அழவில்லையாம்.

"யாரோ வந்து சொன்னா நம்பிடணுமா? வேற யாரையாச்சும் பார்த்திருப்பான். நான் கண்ணால பார்க்கணும் தம்பி."

"அங்க பொம்பளைங்க கால் வைக்க முடியாது அண்ணி. பட்டாளம் நிக்குது. ரொம்ப சூசா, பெரிய கஷ்டம்."

"ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்கிறியே. எனக்கும் எடுத்துக் குடு. பார்க்கிற வரைக்கும் நான் பொட்டை அழிக்க மாட்டேன்."

அம்மாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். புருஷன் செத்துவிட்டான் என்பதைக் கண்ணால் பார்த்து நம்ப ஒரு துண்டு மண்ணின் படம். நம்பினால்தான் அழ முடியும், அழுதால்தான் திதி கொடுக்க முடியும். அது வரும்வரை அவள் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று குங்குமம் வைத்துக்கொண்டாள். வைக்கும்போது அவள் கை எப்படி இருந்தது என்று நான் கவனிக்கவில்லையே என்று இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு கிருத்திகை நாளில் சித்தப்பா என்னைத் தண்ணீர்மலைக்குக் கூட்டிப் போகிறார் என்பதுதான். கோயிலுக்குப் போகிறவர்களைக் காவல்காரர்கள் அவ்வளவாகத் தடுப்பதில்லை.

அன்று காலை அம்மா என் தலையை மூன்று முறை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள். பிறகு அடுப்படியில் எங்கேயோ ஒளித்து வைத்திருந்த கொஞ்சம் பச்சரிசியை எடுத்து வாழையிலையில் மடித்துச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. நாங்கள் சோறு தின்று எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. கோயிலில் பொங்கல் வைக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வெகுதூரம் நடந்தோம். கால் வலிக்கிறது என்று நான் உட்கார்ந்தபோது சித்தப்பா தோளில் தூக்கிக்கொண்டார். ஒரு தோளில் நான், மறு தோளில் கேமரா. கோயிலில் அவர் சாமி கும்பிட்ட வேகம் எனக்கே ஏமாற்றமாக இருந்தது. பொங்கல் வைக்கவில்லை. கீழே இறங்கி, ஓடையை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் காட்டுக்குள் போனோம். மண் வெட்டிக் கொட்டிய மேடுகள், சக்கரம் உடைந்த தள்ளுவண்டி ஒன்று, அதன்மேல் ஏறிப் படர்ந்திருந்த கொடி. ஆள் யாரும் இல்லை. தலைக்குமேல் குரங்குகள் கிளைவிட்டுக் கிளை தாவின. சித்தப்பா ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். நீலக் கட்டம் போட்ட ஒரு துணிக் கிழிசல் கட்டிய மரத்தடியில் வந்து நின்றுவிட்டார். பக்கத்தில் பிளந்த பாறை இருந்தது.

அங்கே ஒன்றுமே இல்லை. மற்ற இடங்களிலாவது ஒரு சுவரோ கம்பமோ இருக்கும். இங்கே சருகும் சின்னச் சின்ன செடிகளும்தான். சித்தப்பா முட்டி போட்டுச் சருகை இரண்டு கையாலும் ஒதுக்கினார். நெற்றி மண்ணில் படக் குனிந்து அப்படியே இருந்தார். கோயிலில் கும்பிடாததை இங்கே வந்து கும்பிடுகிறாரே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாழையிலையைப் பிரித்து, பச்சரிசியை அள்ளி அந்த மண்ணில் போட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரிசி! ஒரு பிடி அரிசிக்கு ஊரே அலைந்துகொண்டிருக்க, இந்த மனிதர் மண்ணில் கொட்டுகிறார். மறை கழன்றுவிட்டது என்று தெருவில் சொன்னது சத்தியம் என்று அந்த நிமிஷம் முழுசாக நம்பினேன். ஓடிப்போய் உட்கார்ந்து, ஒவ்வொரு மணியாகப் பொறுக்கிப் பாவாடை மடியில் போட்டுக்கொண்டேன். மண் ஒட்டியிருந்ததை ஊதி ஊதிப் போட்டேன். அம்மா சந்தோஷப்படுவாள் என்ற நினைப்பு வேறு. சித்தப்பா என்னைத் தடுக்கக் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டார். எழுந்து போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேமராவின் காலை விரிக்கத் தொடங்கினார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு தகடு. அதை மிச்சம் பிடிக்கவே அவர் பட்ட பாடு பெரிது. என்னை எழுந்து நிற்கச் சொல்லித் தூரம் பார்த்தார். நான் மடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளிக்கோ கண்ணு."

நான் தள்ளிக்கொண்டேன். அப்போதுதான் பாறைக்குப் பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது.

ஜப்பான் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியோடு வந்து நின்றான். சித்தப்பா இடுப்பு வளையக் குனிந்தார். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி நானும் குனிந்தேன், மடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு. சிப்பாய் கைப்பட்டையைப் பார்த்தான். பிறகு கேமரா எதைப் பார்த்து நிற்கிறது என்று பார்த்தான். அதற்கு எதிரே மண்ணும் மரமும்தான் இருந்தன. மலைக்குள் அவர்கள் சுரங்கம் வெட்டியிருந்த இடம் பக்கத்தில்தான் இருந்தது. அவன் குரலை உயர்த்தி ஏதோ கேட்டான்.

"கொதொமோ, ஷாஷின்," என்றார் சித்தப்பா. பிள்ளை, படம். படக்கடை முதலாளியிடம் கற்றுக்கொண்ட ஜப்பான் வார்த்தைகள் அவை. என்னைக் காட்டினார், கேமராவைக் காட்டினார், மறுபடி என்னைக் காட்டினார்.

சிப்பாய் நம்பவில்லை. என் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டுவந்து, சித்தப்பா ஒதுக்கியிருந்த அந்த மண்ணின் நட்டநடுவில் நிறுத்தினான். பிறகு சித்தப்பா பக்கத்தில் போய் நின்றுகொண்டு, எடு என்று கையைக் காட்டினான்.

சித்தப்பா அசையாமல் நின்றார். அவருக்கு அப்போது என்னவெல்லாம் மனதில் ஓடியிருக்கும் என்று எனக்கு இன்று தெரியும். எடுக்காவிட்டால் இரண்டு பேரும் உயிரோடு வீடு திரும்ப முடியாது. எடுத்தால் அண்ணிக்காகக் கொண்டுவந்த தகடு போய்விடும். சிப்பாய் தொண்டையைச் செருமினான். சித்தப்பாவின் கை மேலே போனது. அந்தக் கை மேலே போவதைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில், நான் சட்டென்று ஒரு பக்கம் விலகிவிட்டேன்.

சிப்பாய் கத்தினான். துப்பாக்கி சித்தப்பாவின் மார்புக்கு நேரே திரும்பியது.

"நகராதே!" என்றார் சித்தப்பா. அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். "நகராதே கண்ணு. அங்கேயே போய் நில்லு. இன்னைக்கு உன்னைத்தான் எடுக்கிறேன்."

உன்னைத்தான்! எனக்குத் துப்பாக்கி மறந்துபோனது. ஓடிப்போய் அதே இடத்தில் நின்று, காலைச் சேர்த்து வைத்து, மடி நிறைய அரிசியோடு, காதுவரை சிரித்தேன். கேமரா கிளிக் என்றது.

சிப்பாய் தலையை ஆட்டினான். போகும்போது பாதையைக் காட்டி, இனி இந்தப் பக்கம் வந்தால் என்று விரலால் கழுத்தை அறுத்துக் காட்டினான். அவன் காலடிச் சத்தம் ஓயும்வரை நாங்கள் குனிந்தே நின்றோம். பிறகு சித்தப்பா வந்து என் எதிரே முட்டி போட்டார்.

"அந்த அரிசியைப் போட்டுடு பாப்பா."

"மாட்டேன்."

"போட்டுடு கண்ணு. உன் கையாலயே போடு. நீ போட்டாத்தான் நல்லது."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டே மடியைக் கவிழ்த்து அத்தனை அரிசியையும் மண்ணிலேயே கொட்டினேன். சித்தப்பாவும் அழுதார். அரிசி போய்விட்டதே என்றுதான் அவரும் அழுகிறார், பிறகு ஏன் கொட்டச் சொன்னார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

படம் நன்றாகவே வந்திருந்தது. அவ்வளவு நல்ல படத்தைச் சித்தப்பா அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு ஒரு குற்றவாளியைப் போல் ஓரமாக நின்றார். அம்மா சன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தாள். என் பாவாடை எப்படி இருக்கிறது என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"நீ நின்ன எடத்துல மண்ணு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"மண்ணு மாதிரிதாம்மா இருந்துச்சு."

"ஈரமாவா, காஞ்சா?"

"ஈரமா. சின்னச் செடியெல்லாம் மொளைச்சிருந்துச்சு."

"நெழலு இருந்துச்சா?"

"மாமரத்து நெழலு. நான் சிரிச்சிருக்கேனே, பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்," என்றாள். பார்த்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை.

சித்தப்பா தயங்கித் தயங்கி, "வேணும்னா பாப்பாவை மட்டும் கத்தரிச்சு எடுத்துடலாம் அண்ணி. எடம் தனியா நிக்கும்," என்றார். அவர் தினமும் செய்கிற வேலைதான் அது.

"உசுரோட இருக்கிற புள்ளையை வெட்டுறதா? வேணாம் தம்பி. அப்படியே இருக்கட்டும்."

மறுநாளிலிருந்து அம்மா பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. குங்குமம் கிடைப்பதில்லை என்றாள். அந்தக் காலத்தில் எதுதான் கிடைத்தது, நான் நம்பினேன். கழுத்து வெறுமையாக இருந்ததைப் பார்த்துக் கேட்டேன். கிழங்கு வாங்க விற்றுவிட்டேன் என்றாள், அதையும் நம்பினேன்.

என் படம் சட்டத்துக்குள் போய், சாமி படங்களுக்குக் கொஞ்சம் தள்ளிச் சுவரில் ஏறியது. அதற்கு மாலை போட முடியாது. உயிரோடு இருக்கும் பிள்ளையின் படத்துக்கு யாராவது மாலை போடுவார்களா? பூவைச் சட்டத்துக்குக் கீழே பலகையில் வைத்துவிட்டு, அங்கேயே ஒரு விளக்கை ஏற்றுவாள் அம்மா. அமாவாசை தவறாமல் அது நடந்தது. அடுத்த வீட்டுப் பெண்ணிடம் நான் பட்ட பெருமைக்கு அளவே இல்லை. உன் படத்துக்கு உன் அம்மா விளக்கு ஏற்றுகிறாளா என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவள் தன் படத்தைக் கொண்டுவந்து காட்டவே இல்லை. அம்மாவுக்கு என்மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்து நான் பூரித்துப் போயிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அமாவாசை அன்று அம்மா அந்தப் படத்துக்குச் சந்தனப் பொட்டு வைப்பாள். வைக்கிற இடம் தப்பாக இருக்கும். கண்ணாடியின் அடியில், என் பாதத்துக்குக் கீழே, மண் தெரியும் இடத்தில் வைப்பாள். பொட்டு என்றால் நெற்றியில் அல்லவா வைக்க வேண்டும்?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு அமாவாசையில் நானே சரிசெய்துவிடுவது என்று தீர்மானித்தேன். அம்மா பின்கட்டுக்குப் போயிருந்தாள். காலியாகக் கிடந்த அரிசிப் பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி, கீழே இருந்த பொட்டைப் பாவாடையால் துடைத்தேன். கிண்ணத்துச் சந்தனத்தை விரலில் தொட்டு, படத்தில் சிரித்துக்கொண்டிருந்த என் நெற்றியில் வட்டமாக வைத்தேன். கொஞ்சம் பின்னால் சாய்ந்து பார்த்தேன். எவ்வளவு லட்சணமாக இருந்தது!

அம்மா வந்து பார்த்தாள். அவள் கையிலிருந்த செம்பு விழுந்து தண்ணீர் தரையெல்லாம் ஓடியது. என்னைப் பெட்டியிலிருந்து இழுத்து இறக்கி அடித்தாள். அதற்கு முன் என்னை அவள் கிள்ளியிருக்கிறாள், அடித்ததில்லை. முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டு ஓடிப்போய், முந்தானையால் அந்தப் பொட்டை, கண்ணாடி கீச்சிடும்படி தேய்த்துத் தேய்த்து அழித்தாள். பிறகு திரும்பி வந்து, மூச்சு முட்ட என்னைக் கட்டிக்கொண்டு, "நூறு வருஷம் இருக்கணும், நீ நூறு வருஷம் இருக்கணும்," என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

வெகுநேரம் கழித்து எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். கிண்ணத்தை எடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சந்தனத்தைத் தொட்டு, அதே இடத்தில், என் காலடி மண்ணில் பொட்டு வைத்தாள்.

அடித்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இவ்வளவு நடந்த பிறகும் சொன்ன புத்தி கேட்காமல் அதே இடத்தில் வைக்கிறாளே என்பதுதான் பொறுக்கவில்லை. அம்மாவுக்குக் கண் கெட்டுப்போய்விட்டது, நெற்றி எது, தரை எது என்று தெரியவில்லை என்று அன்று சாயங்காலம் கடைத்தெருவில் கடை கடையாக ஏறிச் சொல்லி வந்தேன். எல்லோரும் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். துணிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. வாசலில் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த பால்காரர் மனைவியும் சிரிக்கவில்லை, கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து என் கையில் வைத்து மூடினார். ஒருவர்கூட ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே, அந்தக் கிழங்கோடு வீட்டுக்கு வந்தேன்.